கண்ணுக்கும் விரலுக்கும் ஏற்ற கணினி: ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,



பணி ஓய்வுக்குப் பிறகு கைக்கு அடக்கமாக, கனமில்லாத லேப்டாப் ஒன்று வாங்க வேண்டும் என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர் வரலாற்றை எழுத வேண்டும், நோட்டுகளில் கிடக்கும் பாடக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த வேண்டும், கிடைக்காத பழைய நூல்களைத் திரையில் பெரிதாக்கிப் படிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம். எல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் கடைப்படி ஏறியதும், "பெரிசா ஒண்ணும் வேலை இல்ல தம்பி, சும்மா டைப் அடிக்கணும், படிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதைக் கேட்டதும் கடைக்காரர் இருப்பதிலேயே மட்டமான திரையும் நெருக்கடியான விசைகளும் உள்ள ஒன்றை எடுத்து வைக்கிறார். பேரன் உடன் வந்திருந்தால் கதை தலைகீழ்: அவன் விளையாடுவதற்கு ஏற்ற இரண்டரைக் கிலோ இயந்திரம் வீட்டுக்கு வந்து, தூக்க ஆளின்றி மேசையிலேயே தங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கான கணினி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றை மனத்தில் வைத்தால் போதும். எழுதுவதும் படிப்பதும் கணினியின் மூளைக்குத்தான் எளிய வேலை. மணிக்கணக்கில் திரையைப் பார்க்கும் கண்ணுக்கும், பக்கம் பக்கமாகத் தட்டும் விரலுக்கும், பையைச் சுமக்கும் தோளுக்கும் அது கடுமையான வேலை. ஆகவே மூளைக்கு அளவாகச் செலவிடுங்கள். கண், விரல், தோள் படும் இடங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதலில், எந்த வேலைக்குக் கணினி வேண்டாம் என்று பிரித்துவிடலாம். வங்கிக் கணக்கு பார்ப்பது, மின்கட்டணம் கட்டுவது, வாட்ஸ்அப்பில் குடும்பத்தோடு பேசுவது எல்லாம் கைப்பேசியிலேயே நன்றாக நடக்கும். ஓய்வூதியர் உயிர்வாழ்வுச் சான்றுக்கான ஜீவன் பிரமாண் வசதியில்கூட, ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கேமராவில் முகத்தைக் காட்டிப் பதிவுசெய்யும் முறை வந்துவிட்டது. கணினி தேவைப்படுவது நீளமாக எழுதும்போதும், இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போதும்தான்.

ஒப்பிடும் வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். அது உங்களுக்கென்றே அமைந்த வேலை. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கு வழங்கியிருக்கிறது. அச்சுப் பக்கத்தின் படத்தைக் கணினியே படித்து எழுத்தாக மாற்றிவிடும். ஆனால் அது தடுமாறும். துணைக்காலை 'ர' என்று எழுதிவைக்கும், ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கும், புள்ளியைத் தவறவிடும். தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தால்தான் அந்தப் பக்கம் நம்பத் தக்கதாகும். அப்போது திரையின் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படமும் மறுபாதியில் திருத்த வேண்டிய எழுத்தும் நிற்கும். விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பணி எது? இந்த ஒரு வேலையை அளவுகோலாக வைத்தே நாம் கணினியைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குத் தாங்கும் இயந்திரம் உங்கள் மற்ற எல்லாத் தேவைகளுக்கும் தாங்கும்.

சிறிய கணினிகளின் வரலாற்றிலிருந்து இரண்டு இயந்திரங்களை இங்கே நினைவுகூர வேண்டும். 1983-ல் அமெரிக்காவில் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்று ஒன்று வந்தது. ஏறக்குறைய 1.4 கிலோ எடை. திரையில் வரிக்கு 40 எழுத்தாக எட்டு வரிகள் மட்டுமே தெரியும். கடையில் கிடைக்கும் நான்கு சாதாரணப் பென் டார்ச் பேட்டரிகளைப் போட்டால் இருபது மணி நேரம் ஓடும். அதை அதிகம் விரும்பியவர்கள் பத்திரிகை நிருபர்கள். காரணம், விசைப்பலகை முழு அளவில் இருந்தது. போன இடத்தில் உட்கார்ந்து செய்தியை அடித்து, தொலைபேசிக் கம்பி வழியாக அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்தது.

அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 2007-ல், தைவானின் அசூஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற குட்டிக் கணினியைக் கொண்டுவந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவு. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு. 'நெட்புக்' என்ற பெயரில் உலகம் முழுவதும் அந்த வகை அலைபோல் பரவியது. ஆனால் விசைகள் விரலுக்கு நெருக்கடியாக இருந்தன. 800-க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையில் பல இணையப் பக்கங்கள் அகலத்துக்கு அடங்கவில்லை. ஐபேட் போன்ற பலகைக் கணினிகளும் வந்து சேர, ஐந்தாறு ஆண்டுகளில் அந்த அலை ஓய்ந்தது. இரண்டுமே சிறியவை, இரண்டுமே எளிய வேலைக்கானவை. ஒன்று எழுதுபவரின் கையை மனத்தில் வைத்து மற்றவற்றைக் குறைத்தது. மற்றொன்று எல்லாவற்றோடும் கைக்கான இடத்தையும் சேர்த்துக் குறைத்தது. நீங்கள் கடையில் பார்க்கப்போகும் ஒவ்வொரு சிறிய லேப்டாப்பும் இந்த இரண்டில் ஏதோ ஒரு வழியைப் பின்பற்றியதுதான்.

இனி திரைக்கு வருவோம். கடைக்காரர் அங்குலத்தைச் சொல்வார். நீங்கள் புள்ளிகளைக் கேளுங்கள். 1366-க்கு 768 என்றால் பழைய தரம். 1920-க்கு 1080 என்றால் இன்றைய தரம். 15.6 அங்குலத் திரையில் பழைய தரம் இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 புள்ளிகள்தான் கிடைக்கும். 13.3 அங்குலத் திரையில் புதிய தரம் இருந்தால் அது 166. தமிழ் எழுத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். 'கி'க்கும் 'கீ'க்கும் இடையே இருப்பது ஒரு சிறு சுழி. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் இடையே இருப்பது ஒரு சிறு சாய்கோடு. புள்ளிகள் குறைந்த திரையில் அந்தச் சுழியும் கோடும் மங்கிவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அரை மணியில் தலைவலி வந்துவிடும்.

11.6 அங்குலத் திரை பைக்குள் அழகாக அடங்கும், உண்மைதான். ஆனால் நான் சொன்ன மெய்ப்புப் பணிக்கு அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் கைப்பேசி போலாகிவிடும். 13 முதல் 14 அங்குலம் வரை உங்களுக்குச் சரியான அளவு. 1920-க்கு 1200 என்று சற்று உயரமான திரை கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகள் கூடுதலாகத் தெரியும். 'ஐபிஎஸ்' வகைத் திரையா என்று கேளுங்கள். பழைய வகைத் திரைகளில் மூடியைக் கொஞ்சம் சாய்த்தாலே எழுத்து வெளுத்துவிடும். கண்ணாடிபோல் மின்னும் திரையும் வேண்டாம். சன்னலோரத்தில் உட்கார்ந்தால் எழுத்துக்குப் பதில் உங்கள் முகமும் பின்னாலுள்ள மின்விசிறியும்தான் அதில் தெரியும்.

அடுத்தது விசைப்பலகை. பொதுவாக எல்லோரும் சொல்வது, ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது. தமிழில் அடிப்பவர் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். 'க'வை இரண்டு முறை தட்டினால் தானாகவே 'க்க' என்றாகும். கற்க எளிது, வேகமும் வரும். ஆனால் ஆங்கிலத்தில் அரைப்புள்ளி இருக்கும் விசையில்தான் 'ந' இருக்கிறது, அதற்கு அடுத்த மேற்கோள்குறி விசையில் 'ய', சதுர அடைப்புக்குறிகள் இரண்டிலும் 'ச', 'ஞ', சாய்கோட்டில் 'ழ'. ஆங்கிலத்தில் எப்போதோ தொடும் விசைகள் என்பதால், சிறிய லேப்டாப்களில் இடம் போதாவிட்டால் முதலில் ஒடுக்கப்படுபவை வலது ஓரத்தில் உள்ள இவைதான். நமக்கோ இவை இல்லாமல் ஒரு வரிகூட நகராது.

ஆகவே கடையில் நின்று "ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குச் சென்றேன், பேரனுக்குப் புதிய நூல் வாங்கினேன்" என்று அடித்துப் பாருங்கள். ஓரத்து விசைகள் எல்லாம் அதில் வந்துவிடும். அதற்காகத் தனி மென்பொருளும் தேவையில்லை. 2019-ல் வந்த மேம்பாட்டிலிருந்து தமிழ்99 முறையும், ஆங்கில ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முறையும் விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். உங்கள் பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எடை பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் இருந்தால் திண்ணைக்கும், மாவட்ட மைய நூலகத்துக்கும், ரயிலேறி மகள் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எடையில் சார்ஜர் சேராது. பழைய பாணிச் செங்கல் சார்ஜர் 300 கிராம் வரை கூட்டிவிடும். டைப்-சி முனையில் சார்ஜ் ஏறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்; ஒரே சிறிய சார்ஜரால் கைப்பேசிக்கும் ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரிக்கு "எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்" என்பார்கள். அதை விட்டுவிட்டு, எத்தனை வாட்-மணி என்று கேளுங்கள். எழுதும்போதும் படிக்கும்போதும் இந்த வகை லேப்டாப் ஏறக்குறைய 6 வாட் செலவழிக்கும் என்று கொண்டால், 40 வாட்-மணி பேட்டரி ஆறரை மணி நேரம் வரும். சில ஆண்டுகள் உழைத்த பிறகு அதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

சேமிப்பிடத்தில்தான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. மலிவு லேப்டாப்களில் 'இஎம்எம்சி' என்ற வகைச் சேமிப்பு 64 அல்லது 128 ஜிபி அளவில் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி. அதாவது 64 ஜிபி இயந்திரம் கடையைவிட்டு வெளியே வரும்போதே மூச்சுத்திணறிக்கொண்டுதான் வருகிறது. மேம்பாடு வரும்போதெல்லாம் இடமில்லை என்று நிற்கும். சேமிப்பு பழுதானால் மாற்றவும் முடியாது. 'எஸ்எஸ்டி' என்ற வகைச் சேமிப்பையே கேளுங்கள், 256 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். ரேம், அதாவது தற்காலிக நினைவகம், 8 ஜிபி இருக்கட்டும். விண்டோஸ் 4 ஜிபியில் தொடங்கிவிடும். ஆனால் மெய்ப்புப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஓர் அகராதியையும் திறந்தால் திணறும். மெல்லிய லேப்டாப்களில் ரேமும் பற்றவைத்தே வரும் என்பதால், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

மூளை, அதாவது பிராசசர். இங்கேதான் நீங்கள் காசை மிச்சம்பிடிக்கலாம். 2023-ல் வந்த இன்டெல் என்100 போன்ற சிறிய பிராசசர் உங்கள் வேலைக்குப் போதும். நான்கு கோர்கள், வெறும் 6 வாட் கணக்கில் வடிவமைக்கப்பட்டது. சில லேப்டாப்களில் மின்விசிறிகூட இல்லாமல் சத்தமின்றி ஓடும். பழைய செலிரான் இரட்டைக் கோர் வகைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெயரிலுள்ள எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 3 7320யூ என்பதில் முதலில் நிற்கும் 7 புதியதுபோல் தோன்றும். மூன்றாவது இலக்கமான 2, உள்ளே இருப்பது 2019-ல் வந்த கட்டமைப்பு என்று சொல்லும். உங்கள் வேலைக்கு அதுவும் போதும். புதியது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் இந்த மூன்றாவது இலக்கத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.

இயங்குதளத்தில் மூன்று வழிகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம். 'எஸ் மோடு' என்று பூட்டி விற்றால், மைக்ரோசாப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். இலவசமாகவே அதைவிட்டு வெளியே வரலாம், திரும்ப உள்ளே போகத்தான் முடியாது. கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக் எளிமையானது, தமிழ்99 அதிலும் உண்டு. 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்து ஆண்டுகள் மேம்பாடு தருவதாகக் கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து கணக்காகாது, அந்த மாடலின் அடித்தளம் வெளியான நாளிலிருந்து கணக்காகும் என்பதால், மேம்பாடு எந்த ஆண்டுவரை வரும் என்று அமைப்புக்குள் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்றாவது லினக்ஸ். கணினி தெரிந்த பழைய மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் லினக்ஸ் மின்ட் நிறுவித் தரச் சொல்லுங்கள்; லிப்ரே ஆபீஸில் உங்கள் புத்தகம் முழுவதையும் எழுதி முடிக்கலாம், செலவும் இல்லை.

பலகைக் கணினியோடு கீபோர்டைத் தனியாக மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். படிப்பதே முதன்மை என்றால் தாராளமாக. எழுதுவது முதன்மை என்றால் வேண்டாம். மடியில் வைத்தால் திரை ஒருபக்கம் சாயும், கீபோர்டு ஒருபக்கம் ஆடும்.

புதியதைவிட நல்லதாக, குறைந்த விலையில் வேண்டுமென்றால் பழையதைப் புதுப்பித்து விற்பதும் உண்டு. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழிக்கும் அலுவலக லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களின் கணினிக் கடைகளிலும் கிடைக்கின்றன. 2018-ல் வந்த திங்க்பேட் எக்ஸ்280 போன்றவை 12.5 அங்குலம், எடை குறைவு, விசைப்பலகை அருமை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, பழைய பிராசசர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது என்பதால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது விண்டோஸுக்கு வேண்டாம். லினக்ஸ் போடுவதாக இருந்தால் பார்க்கலாம். ஒரே மாடலில் பழைய தரத் திரையும் புதிய தரத் திரையும் உண்டு என்பதால் புள்ளிகளைச் சரிபாருங்கள். பேட்டரி அறிக்கையை விண்டோஸே எடுத்துத் தரும். தொடக்கக் கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அதில் இருக்கும். பாதிக்குப் பாதி என்றால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் படிப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். நின்றபடி பார்க்காமல் நாற்காலி கேட்டு உட்காருங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் படியுங்கள், பத்து வரி அடியுங்கள், மூடியைச் சாய்த்துப் பாருங்கள், ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் கடையை மாற்றுங்கள். "பேசிக் மாடல்" என்று அவர் எடுத்துக் காட்டினால், "எனக்குத் திரையும் கீபோர்டும் நல்லதாக வேண்டும், பிராசசர் சுமாராக இருந்தால் போதும்" என்று சொல்லுங்கள். இப்படிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்கள் கூடினால்தான் அப்படிப்பட்ட மாடல்களைக் கடைகள் வரவழைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கணினி வந்த முதல் வாரத்திலேயே விக்கிமூலத்தில் ஒரு கணக்கைத் தொடங்கி, உங்களுக்குப் பிடித்த நூலில் ஒரு பக்கத்தை மெய்ப்புப் பாருங்கள். நாளுக்கு ஒரு பக்கம் போதும். உங்கள் வட்டாரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், 300 பக்க நூலொன்று ஒரே மாதத்தில் பிழையின்றி எல்லோர் கைக்கும் வந்துவிடும். எங்கள் கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மையால் நீங்கள் சுழித்த ஒற்றுப்பிழைகளை அந்தப் பக்கங்களிலும் சுழிக்க ஆள் தேவைப்படுகிறது. சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். ஒரே மாடலைப் பலர் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும், பழுது வந்தால் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளவும் முடியும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் மாணவர்களில் ஒருவன்